நகையும் அழுகையும்: பதின்பருவத் தாய்மை பற்றிய நகைச்சுவைத் திரைப்படமும் யாழ்ப்பாணத் தீவகமும்

1

மெய்ப்பாடுகளை வகுத்துரைத்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்களாக அவர் காட்டிய நான்கனுள் இளமையும் பேதைமையும் அடங்கும். அதனை அடுத்து வைக்கப்பட்ட அழுகைக்கோ இளிவு, அதாவது பிறரால் இழிவாக எண்ணப்படும் நிலை, ஒரு காரணமாகக் கூறப்பட்டது. இவ்விரு வரையறைகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். இளமையும் அறியாமையும் காரணமாக நேர்ந்த ஒரு நிகழ்ச்சி தன்னளவில் நகைக்கு உரியது. அதே நிகழ்ச்சியை ஊர் இழிவாகக் கருதத் தொடங்கும் கணத்தில் அது அழுகைக்கு உரியதாகின்றது. நிகழ்ச்சி மாறவில்லை, அதனைச் சூழ்ந்துள்ள சமூக உறவுகளே அதன் சுவையைத் தீர்மானிக்கின்றன.

மணமாகாத இளம்பெண் ஒருத்தி கருவுறுதல் என்பது இவ்வகைப்பட்ட நிகழ்ச்சிகளுள் மிகக் கூர்மையானது. 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஜூனோ' என்னும் திரைப்படம் இதனையே நகைச்சுவைப் பொருளாகக் கொண்டது. டயாப்லோ கோடி எழுதி, ஜேசன் ரைற்மன் நெறிப்படுத்திய இப்படம், சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஒஸ்கார் விருதினையும் பெற்றது. இதே பொருள் யாழ்ப்பாணத் தீவகத்தின் வாழ்விலும் உண்டு. ஈழத்துத் தமிழ்த் திரைப்பட வரலாற்றில் குறிப்பிடத்தக்க இரு படங்கள் தீவகத்தோடு தொடர்புடையன. இரண்டும் இளம்பெண்ணின் காதலை மையமாகக் கொண்டவை. ஆயினும் அவற்றுள் எதுவும் நகைச்சுவைப் படமன்று. ஓரிடத்தில் சிரிப்புக்கு உரியதாகும் பொருள் இன்னோரிடத்தில் சாவுக்கு உரியதாவது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

'அவர்கள் ஒழுக்கம் குன்றியவர்கள், நாம் ஒழுக்கம் மிக்கவர்கள்' என்ற விடை நமது மேடைகளில் அடிக்கடி கேட்பது. அது விடையன்று, வினாவை மூடிவைக்கும் உபாயமே. ஒழுக்கம் எனப்படுவது எத்தகைய உடைமை உறவுகளின் மேல் எழுப்பப்பட்டுள்ளது என ஆராய்வதே வரலாற்று நோக்கு.

2

அமெரிக்கச் சமூகமும் இப்பொருளை எப்போதும் இலகுவாகச் சிரித்துக் கடந்ததில்லை. 1944இல் பிறெஸ்ரன் ஸ்ரேஜஸ் நெறிப்படுத்திய 'மோர்கன்ஸ் கிறீக்கின் அற்புதம்' என்னும் நகைச்சுவைப் படம் இதற்குச் சான்று. போருக்குச் செல்லும் படைவீரர்க்கான பிரியாவிடை விருந்துக்குச் சென்ற சிற்றூர்ப் பெண்ணொருத்தி மறுநாட் காலை விழித்தெழுகிறாள். யாரோ ஒருவனை மணந்துகொண்டது மாத்திரம் அவளுக்கு நினைவுண்டு. அவன் பெயர் நினைவில்லை. பின்னர் கருவுற்றிருப்பதை அறிகிறாள். அன்று நடைமுறையிலிருந்த தணிக்கை விதிகள் மணமாகாத தாயைச் சிரிப்புக்குரியவளாகக் காட்ட இடந்தரா. ஆகவே பெயர் தெரியாத ஒரு கணவன் கதைக்குள் புகுத்தப்பட்டான். அவள் ஒரே பேற்றில் ஆறு ஆண் குழந்தைகளைப் பெற்றெடுத்ததும், அது தேசப் பெருமையாகி விடுகிறது. மாநில ஆளுநர் தொலைபேசியிலேயே ஆணை பிறப்பித்து, அவளை நேசிக்கும் அப்பாவி இளைஞனைச் சட்டபூர்வமான கணவனாக்கி விடுகிறார். அரசு விரும்பினால் இழிவு ஒரே நாளில் பெருமையாகும் என்பதே அப்படத்தின் கூர்மையான நகை. சட்டம் இயற்கையின் விதியன்று, அதிகாரத்தின் வசதியே என்பதை அது சிரிப்பினூடாகச் சொல்லிற்று.

அறுபத்து மூன்று ஆண்டுகளின் பின்னர் வந்த 'ஜூனோ'வில் பொய்க் கணவன் தேவைப்படவில்லை. பதினாறு வயதுப் பாடசாலை மாணவி கருவுறுகிறாள். கருக்கலைப்பு நிலையத்துக்குச் சென்று மனம் மாறித் திரும்புகிறாள். பிள்ளையில்லாத தம்பதியொன்றைச் செய்தித்தாள் விளம்பரத்தின் மூலம் கண்டுபிடித்து, பிறக்கப்போகும் குழந்தையை அவர்களுக்குக் கொடுக்க உடன்படுகிறாள். தந்தையும் சிற்றன்னையும் அதிர்ச்சியடைகின்றனர். ஆயினும் அவளை வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. அவள் பாடசாலைக்குத் தொடர்ந்து போகிறாள். கதை முழுவதையும் அவளே தன் குரலில் சொல்கிறாள். யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமென்பதை அவளே தீர்மானிக்கிறாள். இப்படத்தின் உண்மையான சாதனை இதுவே. பெரியவர்களின் தடுமாற்றமே நகைக்கு இலக்காகிறது. பெண்ணின் வயிறு இலக்காவதில்லை.

எனினும் இச்சிரிப்பு எதன்மீது நிற்கிறது என்பதை விழிப்போடு நோக்க வேண்டும். ஜூனோவின் தந்தை வெப்பமூட்டும் சாதனங்களையும் குளிரூட்டும் சாதனங்களையும் திருத்தும் தொழிலாளி. சிற்றன்னை நக ஒப்பனைக் கடையொன்றை நடத்துபவர். குழந்தையைப் பெறவிருக்கும் தம்பதியோ வசதிமிக்க புறநகரொன்றில் பெருவீட்டில் வாழ்வோர். ஒப்பந்தம் பேசப்படும் காட்சியில் ஒரு வழக்கறிஞரும் அமர்ந்திருக்கிறார். மருத்துவச் செலவு பற்றிய பேச்சு எழுகிறது. மேலதிக இழப்பீடு வேண்டுமா என்ற வினாவும் எழுகிறது. ஜூனோ அதனை மறுத்துவிடுகிறாள். இங்கு உழைக்கும் வர்க்கப் பெண்ணொருத்தியின் குழந்தை உயர் நடுத்தர வர்க்க வீட்டுக்குக் கைமாறுகின்றது. வாங்கல் விற்றல் என்ற சாயல் தோன்றாதிருக்க அம்மறுப்பு உதவுகிறது. கைமாற்றத்தின் திசை மாத்திரம் மாறவில்லை. அப்படத்தின் கனிவு மெய்யானதே. ஆனால் கனிவும் வர்க்க எல்லைக்குள்ளேதான் இயங்குகின்றது.

ஆகவே 'ஜூனோ'வை முற்போக்கின் உச்சமாகக் கொண்டாடுவதோ, சீரழிவின் சான்றாகத் தூற்றுவதோ நமது நோக்கமன்று. அங்கு நகைச்சுவையைச் சாத்தியமாக்கிய நிலைமைகளை நாம் எண்ணிக் காணலாம். பெண்ணின் கருப்பை அவளது குடும்பத்தின் நிலவுடைமையோடு பிணைக்கப்பட்டிருக்கவில்லை. மகப்பேறும் தத்தும் சட்டத்தாலும் நிறுவனங்களாலும் ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தன. தந்தையின் வேலையோ வருமானமோ மகளின் மணத்தைப் பொறுத்ததாக இல்லை. இந்நிலைமைகள் இல்லாத இடத்தில் அதே கதை எவ்வடிவம் கொள்ளும்?

3

இவ்வினாவுக்கு விடைகாணத் தீவகத்தின் சமூக அடித்தளத்துக்கு வரவேண்டும். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களில் நன்னீர் அரிது. பனையும் கடலும் வரண்ட தோட்டநிலமுமே வாழ்வாதாரம். இந்நெருக்கடியே தீவக ஆடவரை வணிகத்துக்குத் தள்ளிற்று. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைவைத்த தீவகத்தார் ஈட்டிய பணம் ஊருக்குத் திரும்பிற்று. வீடாகவும் காணியாகவும் கோயிற்றிருப்பணியாகவும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சீதனமாகவும் அது உருமாறிற்று. ஆடவர் ஆண்டிற் பெரும்பகுதி வெளியூரில் இருக்க, பெண்கள் ஊரில் இருந்தனர். உழைப்பின் பயன் குவியுமிடம் பெண்ணின் மணம் என்றாயிற்று. ஆகவே அம்மணத்தின் காவலே குடும்பப் பொருளாதாரத்தின் காவலுமாயிற்று.

தேசவழமையின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைப் பரிசீலித்து உடன்பட, 1707இல் அது ஏற்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என உடைமையை மூன்றாகப் பகுக்கும் இச்சட்டத்தில் சீதனம் வெறும் மணப்பரிசன்று. மகளுக்குரிய பங்கு மணத்தின்போதே அவளிடம் சேர்ந்துவிடும். யாழ்ப்பாணத்தில் மணமகன் மணமகளின் வீட்டுக்குக் குடிபுகுவதே பெருவழக்கு. நிலமும் வீடும் பெண்வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன என்றால், அப்பெண்ணின் வயிற்றில் யாருடைய பிள்ளை வளர்கிறது என்பது காணிக்கேள்வியும் சாதிக்கேள்வியும் ஆகின்றது.

அதே தேசவழமைத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. ஒருவனது அடிமை ஆணுக்கும் இன்னொருவனது அடிமைப் பெண்ணுக்கும் பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் உடைமையாளனுக்கே உரியர் என அது விதித்தது. அடிமை முறை இலங்கையில் 1844இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் கருப்பையை உடைமையின் ஊற்றுக்கண்ணாகக் காணும் கருத்துநிலை அடிமைத்தனத்தோடு மறைந்துவிடவில்லை. மேனிலைச் சாதிப் பெண்ணின் கருப்பை காவலுக்கு உரியது, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணின் கருப்பை எடுத்தாளலுக்கு உரியது என்ற இரட்டை நீதியின் வேரை இங்குக் காணலாம்.

குடியேற்ற ஆட்சியின் சட்டமும் இவ்விரட்டை நீதிக்கு விலக்கன்று. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஆணின் ஆகக்குறைந்த மணவயதைப் பதினாறு எனவும் பெண்ணின் மணவயதைப் பன்னிரண்டு எனவும் வகுத்தது. ஆனால் ஐரோப்பியரின் மகளோ பறங்கியரின் மகளோ ஆயின் அது பதினான்கு எனக் கொள்ளப்பட்டது. எந்த இனத்துச் சிறுமியின் குழந்தைப் பருவம் எவ்வளவு நீளவேண்டும் என்பதைச் சட்டமே இவ்வாறு இனவாரியாக அளந்து கொடுத்தது. சட்டப்படி பன்னிரண்டு வயதுத் தாய் இழிவுக்குரியவளல்லள், அவள் கழுத்தில் தாலி இருக்குமாயின். பதினெட்டு வயதுத் தாய் இழிவுக்குரியவள், தாலி இல்லையாயின். இளிவின் அளவுகோல் வயதன்று; உடைமையின் ஒப்புதலே.

சாமத்தியவீடு என்னும் சடங்கு இம்முரண்பாட்டின் மிக வெளிப்படையான வடிவம். சிறுமி பூப்பெய்தியதும் சுற்றமும் ஊரும் அழைக்கப்படுகின்றன. அவள் மணப்பெண்போல் அலங்கரிக்கப்படுகிறாள். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டி அவள் உடல் வலுப்படுத்தப்படுகிறது. அவள் தாயாகும் தகுதி பெற்றுவிட்டாள் என்பதை ஊர் முழுவதுக்கும் அறிவிக்கும் சமூகம், அத்தகுதியின் பொருள் என்ன என்பதை அவளுக்கு மட்டும் சொல்வதில்லை. விழா முடிந்த மறுநாளிலிருந்து அவ்வுடல் பற்றி மௌனமே. நயினாதீவு நாகபூசணி அம்மன் சந்நிதியில் பிள்ளைவரம் வேண்டி நேர்த்தி வைப்போரைக் கண்டு உருகுவதும் இதே சமூகம். வேண்டாமலே வந்த பிள்ளையைக் கண்டு ஒடுங்குவதும் இதே சமூகம். உண்மையான நகைச்சுவைக் கலைஞன் ஒருவனுக்கு இதனினும் வளமான களம் வேறெங்கும் கிடைப்பதரிது.

புவியியலையும் மறந்துவிடலாகாது. நெடுந்தீவுப் பெண்ணொருத்தி யாழ்ப்பாணம் செல்வதாயின் குறிகட்டுவான்வரை கடலைக் கடத்தல் வேண்டும். படகிலிருப்போர் யாவரும் உறவினர் அல்லது அயலவர். அமெரிக்கப் புறநகரொன்றில் தனிமை என்பது விரும்பியோ விரும்பாமலோ கிடைப்பது. தீவில் அது கிடைக்காத பொருள். கருக்கலைப்பைத் தாயின் உயிரைக் காக்கும் தேவைக்கு மட்டும் அனுமதிக்கும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஒருபுறம், எல்லோரும் எல்லோரையும் அறிந்த படகு மறுபுறம். இவற்றிடையே நின்ற பெண்ணுக்கு ஜூனோவைப்போல் 'என்ன செய்யலாம்' என யோசிக்கும் அவகாசமே தரப்படவில்லை.

4

இச்சமூக அடித்தளம் கலைவடிவங்களில் எவ்வாறு பிரதிபலித்தது என இனி நோக்குவோம்.

பழந்தமிழ் அகமரபில் மணத்துக்கு முந்திய காதலாகிய களவே பெருந்தொகையான பாடல்களின் பொருள். அங்கு வெறியாட்டு என்றொரு துறை உண்டு. காதலால் மெலிந்த மகளைக் கண்டு அஞ்சிய தாய், இது முருகன் அணங்கிய நோய் என எண்ணி வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். நோயின் காரணம் தலைவிக்கும் தோழிக்கும் தெரியும், பெரியவர்களுக்குத் தெரியாது. இளையவர்களின் அறிவும் முதியவர்களின் அறியாமையும் மோதும் இவ்விடத்தில் நகை பெண்ணின் பக்கமே நிற்கிறது. இது கவனத்துக்குரியது. எனினும் அம்மரபு ஓர் எல்லையோடு நின்றுவிட்டது. அலர் உண்டு, இற்செறிப்பு உண்டு, உடன்போக்கு உண்டு. களவில் தலைவி கருவுறுதல் மட்டும் பாடுபொருளாவதில்லை.

அந்த எல்லையைக் கடந்தது காவிய மரபு. குந்தியின் கதை நாட்டார் அரங்கில் பெருவழக்குடையது. ஈழத்துக் கூத்துமரபில் கர்ணன் போர் அறியப்பட்ட ஒன்று. முனிவர் கொடுத்த மந்திரம் பலிக்குமா என்று பார்க்கும் ஒரு சிறுமியின் ஆர்வமே அக்கதையின் தொடக்கம். இளமை, பேதைமை என நகைக்குரிய இரண்டும் அங்கு உள்ளன. ஆனால் அவள் அரசகுமாரி; ஆகவே குழந்தை பேழையில் வைக்கப்பட்டு ஆற்றில் விடப்படுகிறது. அதனை எடுத்து வளர்ப்பவர்கள் தேரோட்டிக் குடும்பத்தினர். மேலிடத்தின் இழிவைக் கீழிடத்தின் அன்பு சுமக்கின்றது. அக்குழந்தை வாழ்நாள் முழுதும் பிறப்புக் குறித்த ஏளனத்தைச் சுமக்கின்றது. 'ஜூனோ'வில் குழந்தை கீழிருந்து மேலே போகிறது. கர்ணன் கதையில் மேலிருந்து கீழே வருகிறது. இரண்டிலும் குழந்தை வர்க்க எல்லையைக் கடந்தாலன்றிப் பெண் மீள முடியாது. இவ்வொற்றுமை தற்செயலானதன்று.

நவீன காலத்துக்கு வருவோம். 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் அமைந்தபின் அங்குச் சிங்கள விரிவுரையாளராகப் பணியாற்றிய தர்மசேன பத்திராஜ, 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை நெறிப்படுத்தினார். அது 1977இல் திரைக்கு வந்தது. அதன் கதையை எழுதியவர் காவலூர் இராசதுரை. காவலூர் என்பது ஊர்காவற்றுறையின் மறுபெயர். சீதனமின்றித் தேங்கி நிற்கும் மகளிரைக் கொண்ட யாழ்ப்பாணத்துக் குடும்பம், சாதி கடந்து காதலிக்கும் பொன்மணி, அவளது கொலை என்பன அப்படத்தின் சட்டகம். வணிக வெற்றி அதற்குக் கிட்டவில்லை. ஆனால் யாழ்ப்பாண வீட்டின் உள்ளே சீதனம் எவ்வாறு ஒரு சிறைச்சாலையாகின்றது என்பதை அதுபோல் நிதானமாகக் காட்டிய படம் அன்று வேறில்லை எனலாம்.

அடுத்த ஆண்டு, 1978இல், செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் பிறேம்நாத் மொறாயிஸின் நெறியாள்கையில் படமாயிற்று. நெடுந்தீவுக் கடற்கரையே அந்நாவலின் பகைப்புலம். பருவகால மீன்பிடிக்கென வந்து வாடி அமைக்கும் வெளியூர் மீனவருக்கும் தீவின் இளம்பெண்களுக்கும் இடையே அரும்பும் காதலும், அதனால் மூளும் பகையும் அங்குப் பேசப்படுகின்றன. வாடை ஓய்ந்ததும் வாடிகள் கலைந்துவிடும், வந்தவர் போய்விடுவர். ஆனால் பெண்ணின் வாழ்வில் பருவம் மாறினாலும் ஊர்ப்பேச்சு மாறுவதில்லை. உற்பத்தியின் அசைவுக்கும் குடும்ப ஒழுக்கத்தின் அசைவின்மைக்கும் இடையிலான முரண்பாடே அக்கதையின் உள்ளோட்டம்.

இவ்விரு படங்களுக்கும் சற்று முன்னர், 1976இல், 'கோமாளிகள்' என்ற நகைச்சுவைப் படமும் ஈழத்தில் வெளிவந்தது. எஸ். ராம்தாஸின் புகழ்பெற்ற வானொலி நாடகத்திலிருந்து பிறந்த அது மக்களால் பெரிதும் விரும்பப்பட்டது. ஆகவே ஈழத்தமிழருக்கு நகைச்சுவைப் படம் தெரியாது என்று கூறவியலாது. பல்வேறு சமூகத்தார் தமிழைப் பேசும் விதங்களின் வேறுபாடே அங்கு நகையின் ஊற்று. தெருவிலும் கடையிலும் சந்திக்கும் மனிதரின் பேச்சு சிரிப்புக்கு இலக்காயிற்று. வீட்டின் உள்ளறை இலக்காகவில்லை. வெளியே சிரிக்கலாம், உள்ளே அழவேண்டும் என்ற எழுதப்படாத பங்கீடு நமது கலையுலகில் நிலவிற்று.

தமிழகத் திரைப்படம் உள்ளறையையும் சிரிப்புக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு. 1983இல் வெளிவந்த கே. பாக்கியராஜின் 'முந்தானை முடிச்சு' பெருவெற்றி பெற்ற நகைச்சுவைப் படம். யாழ்ப்பாணத்துப் பார்வையாளரும் நன்கறிந்தது. அதில் குறும்புக்காரியான ஊர்ப்பெண் ஒருத்தி, மனைவியை இழந்த ஆசிரியரை மணக்க விரும்பி, அவர் தன்னைக் கெடுத்துவிட்டதாகப் பொய்க்குற்றம் சுமத்துகிறாள். பஞ்சாயத்தில் குழந்தையைத் தாண்டிப் பொய்ச்சத்தியமும் செய்கிறாள். அவள் உண்மையில் கெடவில்லை என்பது பார்வையாளருக்குத் தெரியும். அதனாற்றான் சிரிக்க முடிகிறது. நமது படங்களில் பழகிப்போன வாந்திக் காட்சியும் மாங்காய்க் காட்சியும் இத்தன்மையனவே. கர்ப்பம் பொய்யாக இருக்கும்வரை நகைச்சுவை, மெய்யாகிவிட்டால் கண்ணீர். மெய்யான கர்ப்பத்துக்கு முன் இரண்டு வழிகளே திறந்திருந்தன: அவசரத் திருமணம் அல்லது அழிவு.

2013இல் சுசீந்திரன் இயக்கிய 'ஆதலால் காதல் செய்வீர்' இச்சட்டகத்தை ஓரளவு உடைத்தது. கல்லூரி மாணவி கருவுறுகிறாள், இரு குடும்பங்களும் பேரம் பேசுகின்றன, காதல் சிதைகிறது. பெண் சாகவில்லை. ஆயின் குழந்தை அநாதை இல்லத்தில் விடப்படுகிறது. 1977இல் பெண் செலுத்திய விலையை 2013இல் குழந்தை செலுத்துகிறது. விலை செலுத்தப்பட்டேயாக வேண்டும் என்ற விதி மாறவில்லை. பெண்ணும் குழந்தையும் இருவரும் மீண்டு நிற்கும் கதையைத் தமிழ்த்திரையின் இம்மரபு இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறது.

5

இச்சிந்தனையின் பொருள்வகை அடித்தளம் இன்று அவ்வாறே இருக்கின்றதா? இல்லை. போரும் இடப்பெயர்வும் அதனை உலுக்கிவிட்டன. 1990களின் தொடக்கத்தில் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். புங்குடுதீவினதும் வேலணையினதும் வீடுகள் பல பூட்டிக் கிடக்க, அவ்வூர்களின் பெயரால் அமைந்த சங்கங்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கூடுகின்றன. காணியின் இடத்தை வெளிநாட்டுப் பணம் பிடித்தது. மணியோடரின் இடத்தை வங்கிப் பரிமாற்றம் பிடித்தது. சட்டமும் மாறிற்று. 1995இல் இலங்கையின் பொதுச் சட்டத்தின் கீழான மணவயது ஆணுக்கும் பெண்ணுக்கும் பதினெட்டு என உயர்த்தப்பட்டது. பாலுறவுக்கு இசையும் வயதும் அதே ஆண்டில் பன்னிரண்டிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. 1907இன் இனவாரியான அளவுகோல் இவ்வாறு நீங்கிற்று.

ஆயினும் மேற்கட்டுமானம் அடித்தளத்தோடு உடனடியாக மாறுவதில்லை என்பதற்குத் தீவகம் நல்ல சான்று. காணி போயிற்று, காணிக்காக உருவான கற்புக் கருத்துநிலை கடல் கடந்தும் உடன் சென்றது. புலம்பெயர்ந்த நகரங்களில் சாமத்தியவீடு முன்னரிலும் ஆடம்பரமாக நடைபெறுகின்றது. காக்கவேண்டிய நிலம் இல்லாதபோது, காவல் மாத்திரம் அடையாளமாக எஞ்சிற்று. போர்க்காலத்தில் வன்னியில் பிள்ளைகளைக் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து காக்கும்பொருட்டுப் பெற்றோர் இளவயதில் மணமுடித்து வைத்த கொடுமையையும் இங்கு நினைத்தல் வேண்டும். அங்கு இளவயதுத் தாய்மை இழிவாகவன்றிப் புகலிடமாகக் கருதப்பட்டது. இளிவு என்பது எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு இதனினும் வலிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டை அழுத்திக் கூறுதல் அவசியம். சிறுமி ஒருத்தியின் கருவுறுதல் எப்போதும் இளமைக் காதலின் விளைவன்று. பலவேளைகளில் அது வன்முறையின் விளைவு. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குச் சென்ற மாணவியொருத்தி கூட்டு வன்புணர்வுக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டாள். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் கூடிய சிறப்பு நீதிமன்றம் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. இத்தகைய கொடுமையின் முன் நகைக்கு இடமில்லை. அதனை நகைச்சுவையாக்குவது குற்றத்துக்கு உடந்தையாவதே. ஆனால் இதிலிருந்து பெறவேண்டிய முடிவு, இப்பொருள் குறித்து வாய்திறக்கலாகாது என்பதன்று. காதலையும் வன்முறையையும் ஒரே 'மானக்கேடு' என்னும் சொல்லுக்குள் அடக்கும் வழக்கமே குற்றவாளிக்குத் துணையாகிறது. கெட்டவள் என்ற சொல் இருவகைப் பெண்களுக்கும் பொதுவாக இருக்கும்வரை, வன்முறைக்கு உள்ளானவள் முறைப்பாடு செய்ய அஞ்சுவாள். காதலித்தவள் உதவி கேட்க அஞ்சுவாள். மௌனத்தின் பயன் ஆணுக்கு, விலை பெண்ணுக்கு.

மாற்றத்தின் சில அறிகுறிகளும் தோன்றாமலில்லை. 2020இல் வெளிவரத் தொடங்கிய 'நெவர் ஹாவ் ஐ எவர்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் தமிழ்ப் பாடசாலை மாணவி ஒருத்தியின் ஆசைகளும் அவசரங்களும் நகைச்சுவையாகின்றன. அப்பாத்திரத்தை ஏற்றவர் கனடாவில் பிறந்த மைத்ரேயி இராமகிருஷ்ணன். அவர் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பத்தின் மகள். வெறியாட்டுத் துறையில் தோழியின் உள்ளச்சிரிப்பாக நின்ற நகை, இங்கு வெளிப்படையான சிரிப்பாக மீண்டது. பெண்ணின் பக்கம் நின்று பெரியவர்களின் அறியாமையைச் சிரிக்கும் மரபு நமக்கு அந்நியமானதன்று; இடையில் இழக்கப்பட்டது என்றே கூறவேண்டும். அத்தொடர் சந்தைக்கென உருவாக்கப்பட்ட பண்டமே. எனினும், சந்தை தரும் சிறு இடைவெளியையும் மக்கள் தம் தேவைக்குப் பயன்படுத்துவர்.

பதின்பருவத் தாய்மை பற்றிய நகைச்சுவைப் படம் தீவகத்தில் உருவாகாமைக்குக் காரணம் கலைஞரின் கற்பனைக் குறைவன்று. தவறு திருத்தப்படக்கூடியதாக இருக்கும்போதே நகைச்சுவை பிறக்கும். திருத்தத்துக்கு இடமில்லாத சமூகத்தில் அவல நாடகம் மட்டுமே மிஞ்சும். பெண்ணின் வயிறு குடும்ப உடைமையின் பெட்டகமாக இருந்த காலத்தில் அங்கு திருத்தத்துக்கு இடமிருக்கவில்லை. 'பொன்மணி'யின் சோகம் அன்றைய உண்மையின் நேர்மையான சாட்சியம். அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அன்றைய உண்மையே இன்றும் விதியாக நீடிக்க வேண்டியதில்லை. உடலைப்பற்றிய அறிவைப் பாடசாலையில் கற்பித்தல், கருவுற்ற மாணவி கல்வியைத் தொடர வழிசெய்தல், பெயரறியாத் தந்தையின் பிள்ளைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமுரிய மதிப்பை அளித்தல், சீதனத்தையும் சாதியையும் எதிர்த்துப் போராடுதல் என்பன சீர்திருத்தக்காரரின் பட்டியலாக மட்டும் தோன்றலாம். அவை ஒரு நகைச்சுவை பிறப்பதற்கான பொருள்வகை நிபந்தனைகளுமாகும். அந்நிபந்தனைகளுக்காக உழைப்பதும், அவை முழுமையாக நிறைவேறுமுன்னரே அப்படியொரு படத்தைக் கனவு காண்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. அப்படம் எடுக்கப்படும்போது கதையைச் சொல்பவள் அவளாக இருத்தல் வேண்டும். சிரிப்புக்கு இலக்காவது ஊராக இருத்தல் வேண்டும். இறுதிக் காட்சியில் அவளும் பிள்ளையும் உயிரோடு இருத்தல் வேண்டும். குறிகட்டுவானுக்குச் செல்லும் படகில் அவள் ஏறும்போது, அயலவர் முகம் திருப்பாமல் சற்று நகர்ந்து இடங்கொடுத்தாற் போதும்.